செம்போத்து வந்த காலை

எங்கள் வீட்டின் பின்பக்கத்தைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். பிள்ளையார்பாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே, நான்கு கட்டில் போட்டால் நிறைந்துபோகும் இடம் அது. ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, கம்பிவலை போட்டு மூடிய கிணறு. அங்கே வந்துபோகிற உயிர்களைப் பார்ப்பது என் கணவருடைய வேலை. என்னுடையது இல்லை.

அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினார். ராத்திரி முறை முடிந்து காலை எட்டரைக்கு வந்தால் நேராகத் தோட்டத்துக்குப் போய்க் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிடுவார். டீ அங்கேதான் போக வேண்டும். நான் முன்னறையில் தறியில் இருப்பேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை குரல் வரும்.

"இங்க வாயேன், சீக்கிரம்! கீரி வந்துக்குது!"

"வரேன், இருங்க" என்பேன். ஓடுகிற இழையைப் பாதியில் விட முடியாது. அதை முடித்து, இழை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு, தறிக்குழியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு போவதற்குள் கீரி சுவர் ஏறிப் போயிருக்கும்.

பங்குனியில் ஒருநாள் காலையிலும் கூப்பிட்டார். என்ன வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. "இங்க வா" என்று மட்டும் சொன்னார். நான் வரேன் என்றேன். புடவைக் கரையில் சரிகை சிக்கியிருந்தது. அதைப் பிரித்து, இரண்டு இழை ஓட்டிவிட்டுத்தான் எழுந்தேன். அவர் மேடையிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். டீ டம்ளர் மேடையில் கவிழாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

நான் அழவில்லை. எடுக்கிற அன்றும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் தோளுக்கு மேலே சுவர்ப்பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூரில் கல்லூரியில் படிக்கிற மகள், பரீட்சைக்குத் திரும்பிப் போகும்போது, "அழுதுடும்மா, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். சரி என்றேன். அவர் கூப்பிட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

திருப்புட்குழியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா எனக்குத் துணையாக இருந்துவிட்டாள். அவள் சமைத்தாள், துவைத்தாள், வந்தவர்களுக்குப் பதில் சொன்னாள். நான் பின்கதவுப் படியில் உட்கார்ந்தேன். பிரியப்பட்டு உட்காரவில்லை. கண்ணை எங்காவது வைக்க வேண்டியிருந்தது. தறியிருக்கும் அறையில் வைக்க முடியவில்லை.

உட்கார்ந்ததில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. விடிந்ததும் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, சண்டைக்கு வந்த மாதிரி கத்திக்கொண்டே இறங்கி, உதிர்ந்த இலையைப் புரட்டிப் போடும். அணில் வெயில் வந்த பிறகுதான் வரும். கீரி ஒன்பதரைக்கு, கழிவுநீர்க் குழாயை ஒட்டி, தரையோடு தரையாக. ஓணான் மட்டும் நாள் முழுக்க முருங்கையில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கியதே இல்லை. இப்போது பார்த்தேன். பார்த்து ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

"இன்னாடி அங்கயே பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்கிற? தலையாவது வாரிக்கயேன்" என்பாள் அக்கா. சில நாள் அவளே சீப்பை எடுத்துவந்து, பின்னால் உட்கார்ந்து வாரிவிடுவாள்.

செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்ததை அக்காதான் பூப் பறிக்கப்போய்க் கண்டுபிடித்தாள். அகப்பைக் குழி அளவுதான் கூடு. உள்ளே மூன்று முட்டை, செம்புள்ளி தெளித்த மாதிரி. அன்றிலிருந்து சாமிக்கு அந்தச் செடியில் பூப் பறிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் என்னைக் கேட்பாள், "பொரிச்சுடுச்சா?" இல்லை என்பேன். அந்த வீட்டில் அப்போது நான் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்.

ஒருநாள் பொரித்துவிட்டது. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவந்தன. கூட்டின் விளிம்பில் மூன்று சிவந்த வாய்கள் எழும்பி எழும்பி அடங்கும். ஆறேழு நாளில் இறக்கை முளைக்கிற இடம் கறுத்துவிட்டது.

அன்று காலை செம்போத்து வந்தது. சுவரிலிருந்து இறங்கி, செங்கல் நிற இறக்கையை ஒடுக்கிக்கொண்டு தரையில் நடந்தே வந்தது. பூச்சி தேடுகிறது என்றுதான் நினைத்தேன். செம்பருத்தியின் அடியில் நின்று மேலே பார்த்தது. பிறகு கிளைக்குக் கிளை ஏறியது. கொண்டைக்குருவி இரண்டும் அலறிக்கொண்டு அதன் தலைமேல் பாய்ந்தன. அது பொருட்படுத்தவில்லை.

எனக்கும் செடிக்கும் நடுவே ஐந்தடிகூட இல்லை. கையைத் தட்டியிருந்தால் போதும். கை மடியில் கிடந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி. முதல் குஞ்சைத் தூக்கி விழுங்கியது. இரண்டாவதையும் விழுங்கியது. மூன்றாவதைக் கவ்விக்கொண்டு சுவருக்குத் தாவிற்று.

சத்தம் கேட்டு அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ இங்கயேதானே இருந்தே?"

"ஆமா."

"ஒரு சூ சொல்லக்கூடாதா? கண்ணெதிர்ல தின்னுக்கினு போவுது, கல்லு மாதிரி பாத்துக்கினு இருந்தியா? உனக்கு இன்னாதான் ஆச்சு?"

பிறகு அவளே அடங்கி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அழுதாள். குஞ்சுகளுக்காக என்று நான் நினைக்கவில்லை.

தாய்க்குருவி திரும்பி வந்தது. வாயில் ஒரு பச்சைப்புழு. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே குனிந்தது. நிமிர்ந்து கூப்பிட்டது. இந்தப் பக்கம் தாவி, அந்தப் பக்கம் தாவி, மறுபடி குனிந்தது. புழு அலகில் நெளிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்தப் புழுவை அதுவே விழுங்கிவிட்டு, அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு பறந்துபோயிற்று.

"அவரு என்னைக் கூப்பிட்டாருக்கா" என்றேன்.

அக்கா திரும்பினாள். "எப்போ?"

"அன்னிக்கு. இங்க வான்னாரு. வழக்கம்போல எதையோ காட்டக் கூப்பிடறாருன்னு நெனச்சேன். சரிகை சிக்கைப் பிரிச்சுட்டு, ரெண்டு இழை ஓட்டிட்டு வந்தேன்."

அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உன்மேல் தப்பில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தினி நாளா இத்த வச்சுக்கினுதான் இருந்தியா?"

"ஆமா."

"சோறு வடிச்சு வச்சிருக்கிறேன். வா."

போனேன். ரசம் சோறு போட்டாள். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். செத்தவர் வீட்டில் பசிக்கிறதே என்று இத்தனை நாளும் வெட்கமாக இருக்கும், அதனால் பாதியில் எழுந்துவிடுவேன். அன்று தட்டு காலியாகும்வரை சாப்பிட்டேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். அக்காவிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். குரல் தழுதழுக்கவில்லை. பருப்பு விலை சொல்வது போல வந்தது.

"அம்மா" என்றாள். "நீ உடனே வரமாட்டேன்னு அப்பாவுக்குத் தெரியும்மா. 'உங்கம்மா இழை முடிச்சாத்தான் எந்திரிப்பா'ன்னு என்கிட்டயே சொல்லிச் சிரிப்பாரு. அவரு காத்துக்கினுதான் இருந்திருப்பாரு. கோவமா இருந்திருக்க மாட்டாரு."

"அது எப்படித் தெரியும் உனக்கு?"

"தெரியாதும்மா. அப்படித்தான் நெனச்சுக்கிறேன்."

அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. ஆனால் அவள் தெரியும் என்று பொய் சொல்லவில்லை. அது பிடித்திருந்தது. பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டேன். நான் அவளைக் கேள்வி கேட்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் ஒவ்வொரு பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். கணக்கில் ஒரு கேள்வியை விட்டுவிட்டாளாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அக்கா மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.