மூச்சைக் கேட்ட பிறகே மருந்தை மாற்றியவர்

செவ்வாய்க்கிழமை காலை லண்டன் விம்பிள்டனில் டிராமுக்காக நின்றிருந்தபோது வதனி அக்காவின் கணவர் யோகன் அண்ணையின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அழைப்பவர் அல்ல அவர். எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. "வதனி விடியக்காலமை போயிட்டா, சேகர். கஷ்டப்படேல்லை," என்றார். ஏழு மாத நோய்க்குப் பிறகு எல்லோரும் எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் வந்த டிராமில் நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு வதனி அக்கா, சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்தில், தமிழிலேயே மருந்து விளக்கிய மருந்தாளுநர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அறிந்தது கூட்ட அறைகளில். மருத்துவமனைகளும் சர்ஜரிகளும் காற்றில் கலக்கும் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்க எங்கள் வட்டார சுகாதார அலுவலகம் ஒரு கொள்கை வகுத்தது. அதற்கான தகவல்களைத் தொகுப்பது என் வேலை. மூச்சுத்திணறலுக்குப் பயன்படுத்தும் சில இன்ஹேலர்களில் மருந்தைத் தள்ளும் வாயு பூமியை வெகுவாகச் சூடாக்கும். உறிஞ்சி எடுக்கும் பவுடர் இன்ஹேலரில் அந்த வாயு இல்லை. முடிந்தவர்களைப் பவுடருக்கு மாற்ற வேண்டும் என்பதே கொள்கை.

முதல் கூட்டத்திலேயே அதை முழு மனதாக ஆதரித்தவர் அக்கா. காலியான இன்ஹேலரிலும் வாயு மிச்சம் இருக்கும், குப்பையில் போடக் கூடாது என்று சொல்லி, சேகரித்தவற்றை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பையில் கோவில் பெயர் அச்சிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பூசைக்கு வருபவர்களிடமும் கேட்டு வாங்குவாராம். பிரசாதம் வாங்கப் போனால் அக்கா பையை நீட்டுவார் என்று சிலர் வேறு வாசலால் போனதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்து நடந்ததை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

மாற்றம் மெதுவாக நடக்கிறது என்று மேலிடம் அவசரப்படுத்தியது. யார் யாரை மாற்றலாம் என்று கணினியில் ஒரு பட்டியல் போட்டேன். பட்டியலில் இருந்தவர்களுக்கு ஒரே கடிதம், அடுத்த முறை மருந்துக் கடையில் புது இன்ஹேலர். தமிழர்களுக்கான கடிதத்தை நானே தமிழில் எழுதினேன். அது குறித்து எனக்குப் பெருமையும் இருந்தது. அக்கா அப்போது மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் கனடா போயிருந்தார்.

அவர் திரும்பி வந்த நாளில் செல்லையா ஐயா மருத்துவமனையில் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், தனியாக வசிப்பவர். பவுடரை உள்ளே இழுக்கும் பலம் அவர் நுரையீரலில் இல்லை. பத்து நாளாக மருந்து உள்ளே போகாமலே இன்ஹேலரை வாயில் வைத்து எடுத்திருக்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்சை அழைத்தார்.

அக்கா வார்டுக்குப் போய்விட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. திரையில் இருந்த என் வரைபடத்தைக் காட்டி, மாற்றம் வெற்றி என்று பச்சையில் குறித்திருக்கிறதே, இதில் செல்லையா ஐயாவும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்ப எழும்புங்கோ. அவரை ஒருக்கா வந்து பாருங்கோ," என்றார்.

ஐயா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று நின்றுதான் பேச முடிந்தது. புது மருந்து சரிவரவில்லை என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார்.

"பழசு பூமிக்குக் கூடாது எண்டு கடிதத்தில கிடந்தது, பிள்ளை. திருப்பிக் கேக்க வெக்கமாக் கிடந்தது. பேரப்பிள்ளையளுக்கு நான் கெடுதல் செய்யிறன் எண்டு நினைச்சன்."

கடிதத்தை எழுதியவன் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நல்ல விளக்கமான தமிழ், தம்பி," என்றார் அவர். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சிலர் கொள்கையையே கைவிடலாம் என்றார்கள். ஒருவர், இப்படி ஒன்றிரண்டு நடக்கத்தான் செய்யும், பட்டியல் தொடரட்டும் என்றார். அக்கா இரண்டையும் ஏற்கவில்லை. வெயில் ஏறினால் முதலில் மூச்சுத் திணறுவது தன் நோயாளிகளுக்குத்தான், அதனால் கொள்கை வேண்டும் என்றார். ஆனால் ஒருவர் எதிரில் உட்கார்ந்து இழுத்துக் காட்டாமல் அவருடைய இன்ஹேலரை மாற்றக் கூடாது, வாயு இன்ஹேலரே வேண்டியவருக்கு அதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுக்க வேண்டும் என்றார். பட்டியலைத் தயாரித்தது யார் என்று தலைவர் கேட்டார். நான் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். "இந்த அறையில் இருந்த எல்லோரும் ஒப்புக்கொண்ட பட்டியல் அது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அக்கா அடுத்த விஷயத்துக்குப் போனார். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு ஐயாவிட்ட கேட்டாச்சு. இனி விதியை மாத்துற வேலையைப் பாப்பம்," என்றார்.

விதி மாறியது. வட்டாரம் முழுவதும் ஆளைப் பார்க்காமல் மாற்றுவது நின்றது. ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்கி, எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுத்தோம். வாயு அளவைக் காட்டும் என் வரைபடக் கோடு மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் திரும்ப ஏறவில்லை. சரியாக மருந்தெடுத்தவர்களுக்கு, திணறும்போது எடுக்கும் வாயு அடைத்த அவசர இன்ஹேலர் குறைவாகவே தேவைப்பட்டது. "நல்லா மூச்சு விடுறவருக்குக் கனக்க மருந்து தேவையில்லை," என்று அக்கா முதலிலேயே சொன்னதுதான். செல்லையா ஐயா பழைய இன்ஹேலரோடு வீடு திரும்பினார். அக்காவின் இறுதிச் சடங்குக்கும் வந்திருந்தார்.

போன மாதம் கோலியர்ஸ் வுட்டில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்தபடியே, அடுத்த ஆண்டுக்கான திட்ட வரைவைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். யோகன் அண்ணை கண்ணாலேயே வேண்டாம் என்றார். அக்கா கையை நீட்டிவிட்டார். மூன்று பக்கம் வாசித்து, 'இலக்கு நோயாளிகள்' என்ற இடத்தில் எல்லாம் 'இலக்கு' என்ற சொல்லை அடித்தார். "இலக்கு திட்டத்துக்கு இருக்கட்டும். ஆக்களுக்கு வேண்டாம்," என்றார். பிறகு களைத்துத் தூங்கிவிட்டார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்தப் பட்டியல் என் மேசைக்கு வந்தாலும், கையெழுத்திடும் முன் அதில் ஒருவரையாவது நேரில் போய்ப் பார்க்கிறேன். நேற்று போன வீட்டில் ஓர் அம்மா, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார்.

"நீங்க எப்படி மூச்சு விடுறீங்கன்னு பார்க்க வந்தேன்," என்றேன்.