கிட்டாரின் முதுகுப்பலகை

என் வீட்டுக்காரர் கிட்டார் செய்கிறவர். கையில் தொழில் இருக்கிறது, வயிற்றில் எரிச்சல் இருக்கிறது. தொழில் கடவுள் கொடுத்தது. எரிச்சலை அவரேதான் எண்ணெய் ஊற்றி வளர்த்தார்.

முன்பு அவருக்கும் தம்பிக்கும் ஒரே பட்டறை. இவர் அறுப்பார், வளைப்பார், ஒட்டுவார், கம்பி பூட்டுவார். மரம் பொறுக்குவது மட்டும் கொழுந்தன். பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். "சத்தத்துக்கு மேல்பலகை, ஆசைக்கு முதுகுப்பலகை" என்பார். அது உண்மைதான். கடைக்கு வருகிறவர்கள் வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே கிட்டாரைத் திருப்பி முதுகைத்தான் தடவுவார்கள். மரம் பிடித்துவிட்டால் சத்தமும் பிடித்துவிடும்.

ஒருநாள் மேடையில் பாடுகிற அம்மா ஒருவர் வந்தார். இவர் இடுப்பொடியச் செய்ததைத் திருப்பிப் பார்த்து, "மரம் யாரு பொறுக்குனது?" என்றார். கொழுந்தனைக் கை காட்டினோம். அந்த அம்மா அவரிடமே பேசி, அவருக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப நான் யாரு? கோந்து டப்பாவா?" என்றார் இவர், வீட்டுக்கு வந்ததும். பிடித்தது சனி. பட்டறை இரண்டானது.

உளி, இழைப்புளி, மேசை எல்லாம் பங்கு பிரிந்தது. மிஞ்சியது ஒரு ரோஸ்வுட் பலகை. இடித்த தபால் நிலையத்தின் கவுண்டரிலிருந்து இருவரும் தோளில் சுமந்து வந்தது. மெல்லிசாக இரண்டாக அறுத்து, புத்தகம் மாதிரித் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்து ரேகை மறுபக்கத்தில் அப்படியே திரும்பி வரும். சேர்த்து வைத்தால் இரண்டு கண்ணும் சுருங்கிய நெற்றியுமாக ஒரு முகம். முதுகுப்பலகை என்றால் இரண்டு பாதியும் வேண்டும். இருவருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு போனார்கள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டுமே.

வருஷங்கள் கழித்து கொழுந்தன் எங்கள் வாசலில் வந்து நின்றார். வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கை போகுது. இன்னும் கொஞ்ச நாள்ல உளி பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள என் பொண்ணுக்கு ஒண்ணு பண்ணிடணும். உன் பாதியைக் குடு."

"வேற மரமா இல்ல?"

"எவ்வளவோ இருக்கு. அவ சின்ன வயசுலேர்ந்து அந்தப் பாதியைத்தான் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கா."

இவர் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு வா" என்றார். கொழுந்தன் முகம் மலர்ந்தது. இவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சாயங்காலம் பட்டறையில் அறுக்கிற சத்தம் கேட்டது. தம்பிக்காக ஓரம் சீவுகிறார் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் சமையலறைக்குப் போனால், தண்ணீர்ப் பானை இரண்டில் ஒன்றுக்குப் புது மூடி. வட்டமாக அறுத்து, பாலிஷ் போட்டு, பிடி வைத்திருந்தார். அந்த முகத்தின் ஒற்றைக் கண் நட்டநடுவில் விழித்துக்கொண்டிருந்தது.

கொழுந்தன் சொன்னபடி வந்தார். "பாதியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பிரயோஜனமா இருக்கட்டும்னு மூடி பண்ணிட்டேன். வந்ததுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார் இவர்.

கொழுந்தன் மூடியை எடுத்துக் காதருகே வைத்து முட்டியால் தட்டினார். "சத்தம் இன்னும் நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றார். திரும்ப வைக்கும்போது அது பானை விளிம்பில் தடதடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

"மனுஷனா நீங்க?" என்று கேட்டேன்.

"என் பங்கு. நான் என்னவும் பண்ணுவேன்."

சில மாதம் கழித்து கொழுந்தன் மறுபடி வந்தார், துணியில் எதையோ சுற்றிக்கொண்டு. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனை ஏறெடுத்தும் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

"ரெண்டாவது பானைக்குத் தட்டைக் கவுத்து வச்சிருந்தீங்களே அண்ணி. அன்னைக்கே பாத்தேன்."

பிரித்தேன். இன்னொரு மூடி, நடுவில் அந்த முகத்தின் மறு கண். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது.

"பொண்ணு வேணாம்னு அழுதா. நான் கேக்கல. இதுதான் இந்தக் கை கடைசியா பண்ணது."

இவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கொழுந்தன் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

பானைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இவர் தண்ணீர் மொண்டால் ஒரு மூடியைக் கோணலாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவார், அந்த முகம் சேராமல் இருப்பதற்கு. அவர் தலை மறைந்ததும் நான் போய்ச் சரியாகத் திருப்பி வைத்துவிடுவேன்.