தவமணி அக்கா பைக்கில் விழுந்து சாகவில்லை

செய்தி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. பேராதனைப் பாலத்தருகே வாகன நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது நியாஸ் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவர் எனக்கு அடுத்த மேசை. “குமார் அண்ணன், தவமணி அக்கா போயிட்டாங்க” என்றார். நான் கேட்டது இதுதான்: “எந்த இடத்துல விழுந்தாங்க?”

நியாஸ், “விழல்ல அண்ணன். வீட்டுல. விடிய எழும்பி தேத்தண்ணி ஊத்திட்டு இருக்கக்குள்ள நெஞ்சு வலிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே முடிஞ்சிட்டு” என்றார்.

அந்தக் கேள்விக்காக இன்னமும் வெட்கப்படுகிறேன். ஆனால் அன்று மாலைக்குள் அதே கேள்வியை என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். நெஞ்சுவலி என்று சொன்னதும் சிலருடைய முகத்தில் ஓர் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. பல வருடங்களாகச் சொல்லி வந்த ஆருடம் பலிக்காமல் போன ஏமாற்றம். ஆகவே அவரை அறிந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தேழு வயதில் தவமணி அக்காவைக் கொண்டுபோனது இதய நோய். பதினோரு வருடங்கள் அவர் நானூறு சீசீ ஜப்பான் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டினார். அத்தனை காலத்தில் உடைந்தவை ஒரு பக்கக் கண்ணாடியும் ஒரு கிளச் பிடியும் மட்டுமே. அவர் பைக் ஓட்டியதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் குரலில் இந்த அஞ்சலியை எழுத என்னால் முடியாது.

அவர் மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்தவர். படித்து, வரைவாளராகப் பயிற்சி பெற்று, கண்டியில் எங்கள் வரைபடப் பிரிவுக்கு வேலைக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பிட்டியில் ஒரு சிறிய வீட்டில் தனியே இருந்தார். வேலைக்கு வந்த காலத்திலிருந்தே ஒரு பழைய நூற்றிருபத்தைந்து சீசீ வண்டியை ஓட்டினார். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிக்கனமான பெண் என்று பாராட்டியவர்களும் உண்டு. அந்த வண்டிக்கு ஒரு செயின் வாங்கத்தான் நாங்கள் இருவரும் ஒரு நாள் கெலிஓயாவுக்குப் போனோம்.

அங்கே பழைய வாகனப் பாகங்கள் விற்கும் மர்சூக் நானாவின் கடைக்குப் பின்னால், கிழிந்த தறப்பாளின் கீழ் அது நின்றது. எண்பதுகளின் நடுவில் ஜப்பானில் செய்யப்பட்டது. வெள்ளையும் சிவப்பும் நீலமும் கலந்த உடல், முன்பக்கம் இரட்டை விளக்கு, ஓட்டுபவரைக் குனிய வைக்கும் தாழ்ந்த கைப்பிடிகள். நான்கு சிலிண்டர்கள். பதிவுப் புத்தகம் சரியாக இருந்தது. ஆனால் எஞ்சின் பல வருடங்களாக இயங்கவில்லை. நானா அதைக் கழற்றித் துண்டு துண்டாக விற்க இருந்தார்.

அக்கா தறப்பாளை முழுதாக விலக்கிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டாவது தரமும் சுற்றி வந்தார்.

“ஒங்கட மகனுக்கா தங்கச்சி?” என்று கேட்டார் நானா.

“எனக்கு.”

“இது பொம்புளயள் ஓடுற சாமான் இல்லியே.”

“ஓடத் தெரிஞ்ச ஆம்பள ஒருத்தரும் இத்தன வருஷமா வரலியே நானா. அது நின்னு நின்னே செத்துக்கிட்டு இருக்கு.”

மர்சூக் நானா சிரித்துவிட்டார். உள்ளே போய் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியோடு வந்த பராமரிப்புக் கையேடு. முழுவதும் ஜப்பான் மொழி. “யாருக்கும் வெளங்காது, வெச்சிக்கோங்க” என்றார்.

அக்காவுக்கு விளங்கியது. அது மொழியால் அல்ல. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியே பிரித்து, எது எதற்குள் போகிறது என்று கோடிட்டு வரையப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் படம் வாசித்த ஒருவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பிட்டி வீட்டுக் கூடத்தில் பத்திரிகைத் தாள்களை விரித்து, நான்கு காபரேட்டர்களையும் கழற்றி அடுக்கினார். உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகி, நுண்ணிய துளைகளை அடைத்திருந்தது. கிற்றார் தந்தியின் மெல்லிய நுனியால் ஒவ்வொன்றாகத் திறந்தார். நகரத்தின் இரண்டு கராஜ்காரர்கள் “ஏலாது” என்று கைவிட்ட வேலை அது. நான் அருகே கதிரையில் இருந்து, கேட்ட கருவியை எடுத்துக் கொடுப்பேன். ஒரு சிறிய வளையம் எங்கே போகும் என்று தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் தடுமாறினோம். கடைசியில் அது புத்தகத்தின் ஓரத்தில், நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த அதே பக்கத்தில் இருந்தது.

“வரைஞ்சவன் பொய் சொல்லல தம்பி” என்றார் அக்கா. “நாமதான் பாக்கல.”

எஞ்சின் பிடித்த அன்று அம்பிட்டி ஒழுங்கையின் வீட்டார் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கீழே மெதுவாக முனகி, மேலே போகப் போகக் கூர்மையாகிற அந்தச் சத்தத்தை, அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏன் அக்கா உங்களுக்கு இது, என்று நான் அன்று கேட்டேன். “புடிச்சிருக்கு. அதுக்கு மேல விண்ணப்பம் எழுதிக் குடுக்கணுமா?” என்றார்.

அவர் குள்ளம். அந்த வண்டியில் உட்கார்ந்தால் ஒரு காலின் நுனிதான் தரையைத் தொடும். முதல் வாரமே அலுவலக வாசலில், நின்ற நிலையில், வண்டியோடு சாய்ந்து விழுந்தார். கண்ணாடியும் கிளச் பிடியும் உடைந்தது அன்றுதான். வாசலில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் சிரித்தோம். மீதிப்பேர் தூக்கிவிட ஓடினார்கள். அக்கா கையை நீட்டித் தடுத்தார். “விழுந்தது நான். தூக்குறதும் நான்.” பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை இருக்கையின் கீழ். காலை ஊன்றிப் பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடிகள் வைத்தார். அந்தப் பெரிய வண்டி மெல்ல எழுந்து நின்றது. சிரித்தவர்கள் எப்போது நிறுத்தினோம் என்று எங்களுக்கே தெரியாது.

சிரித்தோம் என்று எழுதியிருக்கிறேன். அதைவிட மோசமான ஒன்றையும் நான் செய்தேன்.

அவர் காற்சட்டையும் தடித்த மேலங்கியும் அணிந்து வந்து, பழைய கோப்புகள் இருக்கும் அறையில் சேலை மாற்றிக்கொண்டுதான் மேசைக்கு வருவார். எட்டரைக்கு ஒரு நிமிடம் பிந்தியதில்லை. ஆனாலும் ஒரு மனு தயாரானது. பெண் உத்தியோகத்தருக்கு ஒவ்வாத உடை, ஒவ்வாத சத்தம், அலுவலகத்தின் மதிப்புக்குக் கேடு. அது மேசை மேசையாகச் சுற்றி என்னிடம் வந்தபோது எனக்கு முன்னால் எட்டுப் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். நானும் இட்டேன். பதவி உயர்வுக்குக் காத்திருந்த காலம். வேறு காரணம் இல்லை. அவருடைய வீட்டில் ஞாயிறு தோறும் தேத்தண்ணி குடித்தவன் நான்.

நிர்வாக அதிகாரி அவரை அழைத்து மனுவைக் கையில் கொடுத்தார். திரும்பி வந்தவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

“ஒம்பதாவது பேரு ஒங்களோடது. கையெழுத்து கோணலா போயிருக்கு தம்பி.”

நான் தலை நிமிரவில்லை.

“போடுறதுன்னா நேராப் போடணும்” என்று சொல்லிவிட்டுத் தன் பலகைக்குப் போய், பாதியில் விட்டிருந்த கோட்டைத் தொடர்ந்து வரைந்தார்.

மறுநாள் அதிகாரியிடம் போய் என் பெயரை எடுத்துவிடும்படி கேட்டேன். கொடுத்த மனு கொடுத்ததுதான் என்றார். எனக்கு உடன்பாடில்லை என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். அது ஒன்றையும் மாற்றவில்லை. அந்த வண்டி அலுவலக வளவுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. அக்கா வீதியோரத்து மாரை மரத்தின் கீழ் நிறுத்தினார். காகங்கள் அதன்மேல் எச்சமிட்டன. வேலை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில், எல்லோருக்கும் முன்னால், ஈரத் துணியால் டேங்கைத் துடைப்பார். பிறகு இருக்கை. பிறகு முன் கண்ணாடி. அவர் அவசரப்பட்டுத் துடைத்து நான் பார்த்ததே இல்லை. மனுவில் கையெழுத்திட்டவர்கள் அவரைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, “போயிட்டு வாங்க” என்பார். அந்த உத்தரவு இன்றுவரை நீக்கப்படவில்லை. அவரும் இறுதி வரை அந்த மரத்தடியை விடவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு மடுல்கெல்லைக்குப் போவார். அவருடைய ஒரே அண்ணன் ராமையா இன்னும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில்தான் இருக்கிறார். தாழ்ந்த கைப்பிடி மணிக்கட்டை வதைக்கும் வண்டிக்கு, குண்டும் குழியுமான அந்த மலை வீதி ஏற்றதே அல்ல. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு போவார். முதல் தரம் போனபோது அண்ணன், “ஊரே சிரிக்குது தவமணி” என்று வாசலிலேயே நிறுத்தினாராம். “சிரிக்கட்டும்ணே. நம்மளப் பாத்து இந்த ஊரு பரிதாபப்பட்டதுக்கு இது மேல்” என்றிருக்கிறார் இவர். பிறகு, அண்ணி பாக்கியத்திடம் இரண்டாவது ஹெல்மட்டை நீட்டினார். அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். கடைவீதி வரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார்கள். அண்ணன் மூன்று மாதம் இருவருடனும் பேசவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் பாக்கியம் அண்ணி. “சுள்ளிக்குப் போவேன், தண்ணிக்குப் போவேன், டிஸ்பென்சரிக்குப் போவேன். வேலையே இல்லாம ஒரு எடத்துக்குப் போய் வந்தது எனக்கு அன்னிக்குத்தான்” என்றார். சொன்னது அக்காவின் செத்த வீட்டில், அம்பிட்டியில்.

அந்த வீட்டில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நான் போனபோது பைக் வாசலில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவரோரம் தள்ளி, படங்கு போட்டு மூடி, மேலே கற்களும் வைத்திருந்தார்கள். ராமையா அண்ணனின் ஏற்பாடு. வருகிறவர்கள் அதைப் பார்த்தால் தங்கச்சி அதனால்தான் செத்தாள் என்று பேசுவார்கள் என்பது அவர் பயம். அவரைக் குறை சொல்ல நான் யார்? நானும் அதையே கேட்டவன்.

உள்ளே அழுதுகொண்டிருந்த பாக்கியம் அண்ணி பின்பக்கம் வந்து அதைக் கண்டார். கற்களை எடுத்து வீசினார்.

“என்னா செய்ற நீ?” என்றார் அண்ணன்.

“எம் நாத்தனா இதுல விழுந்து சாகல. மறைக்கிறதுக்கு அவ என்னா களவா எடுத்தா?”

“ஆளுங்க பேசுவாங்க.”

“பேசுறவங்க எங்கிட்ட வந்து பேசட்டும்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, பாத்துக்கிட்டு நிக்காம ஒரு கை புடிங்க.”

அவர் கைப்பிடியைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ள, பக்கச் சந்தால் வண்டியை முன் வாசலுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளைக் கொடி கட்டிய கம்பத்தின் அருகே நிறுத்தினோம். அண்ணி முந்தானையால் டேங்கில் இருந்த மண்ணைத் துடைத்தார். எழுபதைத் தாண்டிய மர்சூக் நானா, கெலிஓயாவிலிருந்து வந்து அதன் பக்கத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். வந்தவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். எங்கள் நிர்வாக அதிகாரியும்தான். மகியாவை மயானத்துக்குப் பெட்டி புறப்பட்டபோது ராமையா அண்ணன் அந்த இருக்கையில் கையை வைத்து நின்று அழுதார். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை.

பைக் இனி யாருக்கு என்பது முடிவாகவில்லை. பதிவுப் புத்தகத்தை அண்ணி தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கொழும்பிலிருந்து இரண்டு பேர் விலைக்குக் கேட்டு வந்தார்களாம். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

என்னிடம் அக்காவின் பொருள் ஒன்றும் இல்லை. ஒரு பயணம் இருக்கிறது.

மனுவெல்லாம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, “வாங்க தம்பி, மகியங்கன வரைக்கும் போய் வருவோம்” என்று அழைத்தார். மறுக்க எனக்கு முகம் இல்லை. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பதினெட்டு வளைவு வீதியை நீங்கள் அறிவீர்கள். முதல் வளைவில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தபோது நான் உடலை வலப்பக்கம் இழுத்தேன். வண்டி தன் பாதையை விட்டு விலகி, நடு வீதிக்குப் போய்த் திரும்பியது. அக்கா ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றினார்.

“நான் சாயிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயிறீங்க.”

“பயமா இருக்கு அக்கா.”

“எனக்கும் பயந்தான். பயந்துகிட்டே எம்பக்கம் சாயுங்க.”

மீதிப் பதினேழு வளைவுகளிலும் கண்ணைத் திறந்துகொண்டு அவர் பக்கமே சாய்ந்தேன். மூன்றாவது நான்காவது வளைவுக்குப் பிறகு தரை அருகே வருவது பழகிவிட்டது. பயம் போகவில்லை. கீழே ஒரு கடையில் இளநீர் குடிக்கும்போது, அந்தக் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் இளநீரை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, “ஏறுங்க, மழ வரப் போகுது” என்றார்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது, “பயந்துகிட்டே எம்பக்கம் சாயுங்க” என்ற அந்த ஒரு வாக்கியத்தை. பயம் தீர்ந்த பிறகு ஒருவர் பக்கம் நிற்கலாம் என்று காத்திருந்தே என் பாதி வயது போய்விட்டது. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அச்சில் வந்த பிறகு நான் போக வேண்டியது அதே அலுவலகத்துக்கு, அதே மனிதர்களுக்கு நடுவே. போவேன்.