இஞ்சினுக்குப் பூசிய பவுடர்

சூடேறும் இஞ்சின் எண்ணெயும் முகப்பவுடரும் கலந்த வாசனை, பெர்மாஸ் ஜெயா வீட்டு வாசலில் அப்பாவின் பழைய காரருகே நின்ற என்னைப் பாலோ தோட்டத்து லாரிக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே செம்பனை மரங்கள் நிற்கின்றன. அன்று சனிக்கிழமைதோறும் அப்பா இதே காரின் இஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, காய்ந்ததும் அம்மாவின் பவுடரைத் தூவுவார். மறுநாள் மாதா கோயில் வாசலில் இறங்கி, பூசை மணி அடிக்க அடிக்க, பானெட்டைத் திறந்து அந்த வெள்ளையில் எண்ணெய் கசிந்து எங்கே ஈரக்கோடு விழுந்திருக்கிறது என்று தேடுவார். "அலமாக், என் மூஞ்சிக்கு இல்லாத பவுடரு உங்க இஞ்சினுக்கா?" என்று அம்மா பவுடர் பூசாத முகத்தோடு முணுமுணுப்பார்.

அப்பா இப்போது இல்லை. நான் பிரித்துப் புதிதாகப் பூட்டிய இஞ்சின் கசிந்தது. சொட்டும் இடத்தையே நம்பி, அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. "வித்துடு லா" என்றார் கணவர். முடியாது என்றேன். இன்று கழுவி, அம்மாவின் பவுடரைத் தூவி ஓடவிட்டேன்.

அணைத்துவிட்டுக் குனிந்தேன். ஈரக்கோடு மேல்மூடியின் பின்மூலையில் தொடங்கி, இஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, அடியில் வந்து சொட்டியது.

பூசைக்குப் புறப்பட்டு வந்த அம்மா, என் கையிலிருந்த பவுடர் டின்னை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.