அக்கா திறக்காத வாத்துக் கூண்டு

வருகிற வெள்ளிக்கிழமையோடு அக்கா இறந்து ஒரு வருடம் முடிகிறது. நினைவு மலரில் என்னையும் எழுதச் சொல்லி அக்காவின் மகன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியதும் கிடையாது. பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அக்காவைக் கொடுத்த வீட்டிலேயே அத்தானின் தம்பிக்கு என்னையும் கொடுத்தார்கள். அதனால் கடைசிவரை நாங்கள் பிரிந்திருந்ததே இல்லை என்று சொல்லலாம். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு வேலி, அவ்வளவுதான் தூரம்.

அத்தான் பாம்பு கடித்து இறந்தபோது மகனுக்கு ஆறு வயது. அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதன்பிறகு தானே நாற்றுப் பறித்து, தானே மடை திறந்து, அவனைப் படிக்க வைத்தார். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களிலும், மழையில் கதிர் சாய்ந்து முளைத்துப்போன வருடத்திலும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

மகன் வெளிநாடு போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அறுவடையான வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்கள், கால் நொண்டியான குஞ்சு ஒன்றை வரப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா அதை முந்தானையில் பொத்தி எடுத்து வந்தார். தனியாக இருந்தால் ஏங்கிவிடும் என்று இன்னும் நான்கு வாங்கினார். அந்த நொண்டிதான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போகும். அதற்குக் கலெக்டர் என்று பெயர். "கலெக்டர் வராரு, வழி விடுடி" என்பார் என்னைப் பார்த்து. கறிக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புவார், வாத்தைக் கொடுக்க மாட்டார்.

வாத்து விடியற்காலையில் முட்டையிடும். அதற்கு முன்னால் திறந்துவிட்டால் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்துவிடும். அதனால் எட்டு மணிக்குத்தான் அக்கா கூண்டைத் திறப்பார். ஒரு முட்டையை வேலிக்கு மேலே என்னிடம் நீட்டுவார். மழை நாளில்கூட அது தவறியதில்லை.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது.

போன வருடம், அக்கா விழுவதற்கு முதல் நாள் சாயங்காலம், வாத்துகள் வேலியில் நுழைந்து என் கீரைப் பாத்தியை மிதித்துவிட்டன. அரைக்கீரை அப்போதுதான் முளைவிட்டிருந்தது.

"அக்கா, ஒன் கலெக்டரும் அவரு ஆபீசும் வந்து எம் பாத்தியப் பண்ணியிருக்கறதப் பாரு!"

"ரெண்டு கீரைக்கா இந்தக் கூப்பாடு? நான் வெதச்சுத் தரேன், விடுடி."

"ஒனக்கு வாத்துதான் பெருசு. மனுசங்கள்லாம் அப்பறந்தான்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "சரி, நாளையிலேர்ந்து கூண்டத் தொறக்கவே மாட்டேன். உள்ளேயே கெடந்து கத்தட்டும். ஒன் கீரையோட நீ நல்லா இரு."

அதுதான் அக்கா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் எட்டு மணிக்குக் கூண்டு திறக்கவில்லை. முட்டையும் வரவில்லை. சொன்னபடி செய்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது, பத்து மணி ஆகியும் வாத்துகள் தொண்டை கிழியக் கத்தின. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு செல்வி தெருவில் நின்று கேட்டாள், "என்னா அத்தை, வாத்து இந்தக் கத்து கத்துது?"

"ரோசம். எம்மேல உள்ள கோவத்துல அடைச்சு வச்சிருக்கு."

செல்வி சிரித்துக்கொண்டே போனாள். நானும் சிரித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் ஓய்ந்தது. அப்போதுதான் எழுந்தேன். வேலியைத் தாண்டிப் போனேன். அக்கா கொல்லைக் கதவுக்கு உள்ளே ஒருக்களித்துக் கிடந்தார். வாத்துக்குக் குழைத்த தவிட்டுச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. தவிடு காய்ந்து எறும்பு மொய்த்திருந்தது. அக்காவுக்கு மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவ்வளவு நேரமும் வாத்துகள் கத்தியதை அக்காவும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பார். நான் செல்வியிடம் சொன்னதும் காதில் விழுந்ததோ என்னவோ.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்றார். "இப்பதான் பாத்தேங்க" என்றேன். "காலையிலேயே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்" என்றார்.

அக்கா நான்கு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காதோரம் குனிந்து, "கூண்டத் தொறந்து விட்டுட்டேன் அக்கா" என்றேன். ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மன்னித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

காரியத்தன்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தீர்கள். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, நீங்க பக்கத்துல இல்லன்னா அம்மா அனாதையாப் போயிருப்பாங்க" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பான். அவனிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன். இதை அச்சில் போடுவதும் கிழித்துப்போடுவதும் அவன் விருப்பம்.

அன்று கேட்டதும் ஆட்டோவை எடுத்த செல்வியின் வீட்டுக்காரருக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த நாத்தனார் மகளுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மலரின் நன்றிப் பக்கத்தில் முதலில் என் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதை எடுத்துவிட வேண்டும்.

வாத்துகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எட்டு மணிக்குக் கூண்டைத் திறந்தால் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கொல்லைக் கதவருகில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு வாய்க்காலுக்குப் போகும். முட்டையை நான் தொடுவதில்லை, செல்வி எடுத்துக்கொள்வாள். பகலில் அதுகள் கொஞ்சம் உரக்கக் கத்தினால் அடுப்பில் இருப்பதைப் போட்டது போட்டபடி வேலியைத் தாண்டி ஓடுகிறேன். கதவு பூட்டித்தான் கிடக்கிறது.