குச்சவெளி வீதியில் இருபது நிமிடம்

காரில் எல்லாம் வேலை செய்தன. ஹோர்ன் அடித்தது, வைப்பர் ஆடியது, வானொலியில் யாரோ ஒருவர் தன் மருமகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். திறப்பைத் திருகினால் எஞ்சின் ஒரு விநாடி பற்றியது, உடனே அணைந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் திறப்பு வடிவத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். காரைப் பற்றித்தான் அது ஏதோ சொல்கிறது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் ஒரு பட்டதாரி.

குச்சவெளியில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, திருகோணமலையில் துறைமுகத்தடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் பதினாறு வயது மகளும். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசியது. சிறுவயதிலிருந்தே அவளுக்கு மூச்சு முட்டும் வருத்தம் உண்டு. தண்ணீர் வாங்க ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தினேன். நான் திரும்பி வருவதற்குள் அவளுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. கையிலிருந்த மூச்சுமருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு முறை அடித்தாள். மூன்றாவது முறை வெறும் காற்றுத்தான் வந்தது. காலையில் அதைக் குலுக்கிப் பார்த்து, "இண்டைக்கு இது காணும்" என்று சொன்னவனும் நான்தான்.

மோட்டார்சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சேர், நிண்டிட்டா?"

"ஸ்டார்ட் ஆகுதில்ல."

"பற்றரிதான்."

"ஹோர்ன் அடிக்குதே."

"அடிக்கும் சேர். சாகப்போற ஆளும் கதைக்கும்தானே."

எஞ்சின் மூடியைத் திறந்து, பற்றரி வயரைக் கழற்றி, சாரன் நுனியால் துடைத்து மாட்டினார். வானொலி தன் நிலையங்களை மறந்தது. கார் மணிக்கூடு பன்னிரண்டுக்குப் போனது. எஞ்சின் அதே ஒரு விநாடி பற்றி அணைந்தது. அந்த மனிதருக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. அது எனக்குத் தெரிந்தும் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன்.

"அப்ப தள்ளுவம்."

"ஓட்டோ கியர். தள்ளி எடுக்க ஏலாது."

"தள்ள ஏலாத கார என்னத்துக்கு சேர் வாங்கினீங்க?"

நான் மூடிக்குள் தலையை விட்டேன். அங்கே எதைத் தேடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் தலையை விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ எங்களைக் கடந்து போனது. பிறகு இன்னொன்று. ஒரு பஸ்ஸும் போனது. "இன்னும் ரெண்டு நிமிஷம் மகள்" என்று குறைந்தது நான்கு முறை சொல்லியிருப்பேன். திரும்ப ஏறி உட்கார்ந்தபோது பின் சீட்டில் அவளுடைய மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. கேட்கக் கேட்க, இன்னும் பலமாகத் திறப்பைத் திருகினேன். பலமாகத் திருகினால் பற்றும் என்பது அன்று என் மூளைக்கு எட்டிய விஞ்ஞானம்.

அவளே இறங்கினாள். ஒரு கையால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வீதிக்கு நீட்டினாள். அடுத்த பஸ் நின்றது.

"அப்பா..." மூச்சு எடுத்தாள். "வாறீங்களா... இல்லையா?"

நான் மீன்காரரைப் பார்த்தேன்.

"போங்க சேர், போங்க. இத ஆர் களவெடுக்கிறது?"

கொண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளை இருத்தினார். வழியிலிருந்த ஆஸ்பத்திரி வாசல்வரை சாரதி எந்தத் தரிப்பிடத்திலும் நிறுத்தவில்லை. யாரும் முணுமுணுக்கவுமில்லை. முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். "எப்ப தொடங்கினது?" என்று தாதி கேட்டார். "இப்பதான்" என்றேன். முகமூடிக்கு மேலாக மகள் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. மின்னும் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"திறப்பத் தாங்க."

வளையத்தில் இரண்டு திறப்புகள் இருந்தன, ஒன்றோடொன்று கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு.

"இத இப்பிடிக் கட்டினது ஆரு?"

"நான்தான். போன கிழமை."

"என்னத்துக்கு?"

சொன்னேன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் எங்கள் வீட்டில் ஒரே பையில்தான் இருக்கும். ஷெல்லடிக்கு ஓடியிருக்கிறோம், சுனாமிக்கும் ஓடியிருக்கிறோம். ஓடும்போது எதையும் தேடக்கூடாது. அதனால் மேலதிகத் திறப்பையும் முதல் திறப்போடு சேர்த்துக் கட்டினேன்.

அவர் சிரித்தார். திறப்பின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறதாம். திறப்பைப் போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதை வாசித்து, சொந்தத் திறப்புத்தான் என்று தெரிந்தால்தான் எஞ்சினை ஓடவிடும். "ரெண்டு சிப்பும் ஒரே நேரத்தில கதைச்சா அது ஆரெண்டு நம்பும்? சில நேரம் நம்பும், சில நேரம் கள்ளன் எண்டு நிப்பாட்டிடும்." கம்பியை வெட்டி, ஒரு திறப்பை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார். "இப்ப அடிங்க."

முதல் திருகலிலேயே பற்றியது. கம்பியை வெட்ட ஒரு குறடு போதுமாக இருந்தது. அது முதல் நாளும் என் காரின் பின்பெட்டியில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு எல்லாவற்றையும் படம் கீறி விளக்கினேன். சிப், சுருள், சிவப்பு வெளிச்சம். பொறுமையாகக் கேட்டாள்.

"அது விளங்குது அப்பா. முதல் பஸ் போகேக்க ஏன் மறிக்கேல்ல?"

நான் கீறிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் ரியூஷனுக்கு அவளைக் காரில்தான் கொண்டுபோகிறேன். ஆனால் அவள் உடனே ஏறுவதில்லை. பஸ் காசைக் கையில் பொத்திக்கொண்டு கேற்றடியில், வீதியைப் பார்த்தபடி நிற்பாள். எஞ்சின் சத்தம் நிலைத்து, இன்னும் கொஞ்ச நேரம் போன பிறகுதான் கதவைத் திறப்பாள். நானும் அவசரப்படுத்துவதில்லை.