விடியலுக்கு முன் மரத்தின் மேல்

மான் வேட்டைக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அது குற்றம் என்று தெரிந்தேதான் போனேன். பிடிபட்டால் ஜாமீன் எளிதில் கிடைக்காது என்பதும் தெரியும்.

அழைத்தவர் என் சகலை, என் மனைவியின் அக்கா கணவர். பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல்லைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் ராகியும் தக்காளியும் போடுகிறவர். ஐம்பதை நெருங்கியவர். எனக்குப் பெங்களூரில் பழைய கண்டோன்மென்ட் பக்கம் வீடு. வைட்ஃபீல்ட் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது வேலை. கார்த்திகையில் ஒரு விசேஷத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டு முடித்ததும் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார்.

"தம்பி, விடியக்கால வெளிச்சத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. கை நடுங்கல, குறியும் தப்பாது. ஆனா எதிர்ல நிக்கறது மானா பொதரான்னு சொல்ல ஒரு ஆள் வேணும். எப்பவும் கூட வர்றவன் கால ஒடச்சுக்கிட்டுக் கெடக்கான்."

"நான் எதுக்குண்ணா? உங்க ஊர்ல ஆளே இல்லையா?"

"ஊர்க்காரன் வாய் சும்மா இருக்காது. நீ ஒசரத்துல வேல செய்யறவன். மரம் ஏறுனா தல சுத்தாது. கயிறு கட்டத் தெரியும்."

அவர் வீட்டில் இரண்டு முறை மான்கறி சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன். அதனால் மறுக்க முடியவில்லை என்று பிறகு பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு ஆசையாக இருந்தது. மனைவியிடம் சகலை வீட்டு போர்வெல் மோட்டாருக்கு வயரிங் செய்யப் போவதாகச் சொன்னேன்.

வேட்டைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே போய்ப் பரண் கட்டினோம். காட்டுக்குள் அரை மணி நடந்தால் ஒரு சரிவு. அங்கே நெல்லிமரங்கள் நாலைந்து நின்றன. காய் உதிர்கிற காலம். உதிர்ந்த நெல்லிக்காய்க்காகப் புள்ளிமான்கள் விடியும்போது வரும் என்றார். முப்பதடி தள்ளிப் பள்ளத்தில் நின்ற மரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, நான்கு கட்டைகளைக் குறுக்கே போட்டுக் கட்டினேன். பரண் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். விடியும் நேரத்தில் குளிர்காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். நம் வாடை மானுக்குப் போகாது. வெயில் ஏறினால் காற்று திரும்பிவிடும். அதற்குப் பிறகு உட்கார்ந்து பயனில்லை. ஏழு மணிக்கு மேல் வனத்துறை ஜீப் அந்தப் பக்கம் வரும். ஆகவே கண்ணுக்கு ஆள் தெரிகிற வெளிச்சம் வந்ததிலிருந்து அரை மணி நேரம்தான். அந்த அரை மணிக்காக இருட்டிலேயே ஏறி அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனுஷ வாடை போக, போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையையும் பேண்ட்டையும் இரண்டு நாள் அவருடைய மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டார். எனக்கும் இரண்டு நாளாக சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டுக்காரம்மா லிஃப்டில் என்னோடு ஏறாமல் அடுத்த லிஃப்டுக்காக நின்றார்.

வேட்டை நாளன்று அவர் வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தோம். வெறும் வயிற்றில் கறுப்புக் காபி. செல்போனை அணைக்கச் சொன்னார். துணியில் முடிந்த சாம்பலும், ஒரு காலி பாட்டிலும் கொடுத்தார். சாம்பல் காற்றைப் பார்க்க. பாட்டில், மேலே சிறுநீர் முட்டினால். நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, மண்வெட்டிபோலத் தோளில் வைத்துக்கொண்டார்.

"மேல ஏறுனா பேச்சு கிடையாது. மானு தெரிஞ்சா என் தோள்ல ரெண்டு தட்டு. சந்தேகமா இருந்தா ஒரே தட்டு, நான் பொறுக்கறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணா."

டார்ச் இல்லாமல் நடந்தோம். முன்னால் போகும் அவர் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் நான் நடந்தேன். உண்ணிச்செடி முள் கையைக் கீறியது. ஓரிடத்தில் அவர் சட்டென்று நின்றார். நான் அவர் முதுகில் மோதினேன். தூரத்தில் கிளை ஒடிகிற சத்தம். மறுபடி ஒன்று. "யானை" என்று மூச்சுக்காற்றில் சொன்னார். "நம்ம பக்கம் இல்ல. நட." நம் பக்கம் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வரவில்லை.

இருபது மாடி உயரத்தில், லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்து வேலை செய்திருக்கிறேன். அங்கே கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மரத்தில், இரண்டு ஆள் உயரத்தில், நான் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே எது வந்து நின்றாலும் தெரியாது. இலை உதிர்ந்தாலும் திடுக்கிட்டேன். யானை துதிக்கையை நீட்டினால் எட்டுகிற உயரம்தானே என்று கணக்குப் போட்டேன். கரடி மரம் ஏறும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இறங்கினால் அந்த இருட்டில்தான் நடக்க வேண்டும். பாட்டில் எனக்குத் தேவைப்பட்டது, ஒரு முறை அல்ல.

ஏதோ ஒரு பறவை கத்தியது. மேட்டில் வானம் சாம்பல் நிறமானது. அவர் சாம்பல் முடிச்சைத் தட்டினார். தூள் எங்கள் பின்னால் பள்ளத்துக்கு இறங்கிப் போனது. நல்லது என்பதுபோலத் தலையசைத்தார். நெல்லிமரங்கள் முதலில் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தன. அப்புறம் தண்டு எது, புதர் எது என்று கொஞ்சம் பிரிந்தது.

அப்போது மரத்தடியில் ஒன்று அசைந்தது.

பழுப்பாக, குனிந்து, தரையை ஒட்டி மெல்ல நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. சருகு சரசரத்தது. காய் பொறுக்கித் தின்கிற மான் இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தில் அணைத்தார். அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. அந்த உருவம் நிமிர்ந்தது. தலைக்கு இரு பக்கமும் வளைந்து மேலேறிய இரண்டு கொம்புகள் தெரிந்தன. ஆண் மான்.

நான் அவர் தோளில் இரண்டு முறை தட்டினேன்.

தட்டிய கையைத் தோளைவிட்டு எடுக்கும் முன் ஒரு கொம்பு கீழே இறங்கியது. மற்றது அப்படியே மேலே நின்றது. கொம்பு ஒன்று மட்டும் எப்படி இறங்கும்? அது முழங்கை. யாரோ இரண்டு கையையும் தூக்கி அவிழ்ந்த கொண்டையை முடிகிறார்கள்.

கத்தினேனா என்று நினைவில்லை. துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். அந்த நொடியில் வெடித்தது. காது அடைத்துவிட்டது. புகை முகத்தை மூடியது. எங்கள் தலைக்கு மேலிருந்து இலையும் குச்சியும் கொட்டின. அடைத்த காதுக்குள் எங்கிருந்தோ போல ஒரு பெண்ணின் குரல், "அய்யோ தேவரே!" என்று, கடவுளைக் கன்னடத்தில் கூப்பிட்டு. அப்புறம் சருகில் யாரோ விழுந்து எழுந்து ஓடுகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

புகை விலகியபோது மரத்தடியில் யாருமில்லை.

"எறங்கு. பேகா எறங்கு" என்றார் சகலை. அவசரத்தில் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"அண்ணா, அது பொம்பள."

"தெரியுது. எறங்கு. ஜீப் வந்துரும்."

நெல்லிமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு கிடந்தது, பாதி நிறைந்திருந்தது. மீதிக் காய்கள் சிதறியிருந்தன. ஒரு ரப்பர் செருப்பு, இடது கால். புல்லைத் தடவினேன். கையெல்லாம் ஈரம். அது பனியா, ரத்தமா என்று தெரியவில்லை. செல்போனைப் போட்டு வெளிச்சத்தில் விரலைப் பார்த்தேன். பனிதான். இன்னும் கொஞ்ச தூரம் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விரலை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் அந்த ஒரு கணம் எனக்கு உயிர் போய் வந்தது.

"நான் வூட்டுக்குப் போறேன். வர்றதுன்னா வா" என்றார்.

"அடிபட்டுக் கெடந்தா?"

"கெடந்தா கத்துவாங்க. வா தம்பி, உன் காலப் புடிக்கறேன். ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும்."

நான் அசையவில்லை. அவர் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். நான் நின்றது துணிச்சலால் அல்ல. என்ன ஆயிற்று என்று தெரியாமல் வீடு திரும்பினால் எப்படி இருப்பேன் என்பதை நினைத்தபோது, அந்தப் பயம் காட்டின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சருகு கலைந்திருந்த வழியே போனேன். வறண்ட ஓடை ஒன்று. அதன் கரையில் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயதுக்கு மேலான ஓர் அம்மா. பழுப்புச் சேலை. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. வாயைக் கையால் பொத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"விட்டுடு சாமி. நான் யாரையும் பாக்கல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் அவரைக் கொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை.

"அம்மா, ஒண்ணும் செய்ய மாட்டேன். எங்கயாவது பட்டுச்சா?"

அவருக்கும் தெரியவில்லை. உடம்பை அவரே தடவிப் பார்த்தார். குண்டு படவில்லை. ஓடையில் விழுந்ததில் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. செருப்பை நீட்டினேன். அந்தக் காலில் அது ஏறவில்லை.

தோளில் அவர் கையைப் போட்டுக்கொண்டு மெல்ல நடத்திக் கூட்டி வந்தேன். வண்டித்தடத்துக்கு அருகே வந்தபோது ஜீப் சத்தம் கேட்டது. நான் என்ன செய்வது என்று யோசிக்கும் முன் அந்த அம்மாதான் என்னை உண்ணிச்செடிப் புதருக்குள் இழுத்தார். காட்டுக்குள் காய் பொறுக்குவதும் தப்புதானே. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜீப் எங்களுக்கு எதிரே வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. ஒருவர் இறங்கினார். அவர் பூட்ஸ் செடிகளின் இடுக்கில் தெரிந்தது. என் சட்டையில் வெடிமருந்து வாடை இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ யானை விரட்டப் பட்டாசு போட்டிருப்பார்கள் என்று ஒருவர் கன்னடத்தில் சொன்னார். மற்றவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். கதவு மூடியது. ஜீப் போன பிறகும் வெகுநேரம் நாங்கள் எழவில்லை.

அவர் குடியிருப்பின் எல்லைவரை கொண்டுபோய் விட்டேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். போகும்போது திரும்பி, "நீதான்ப்பா சுடவிடாமத் தடுத்தவன்? நீ கத்தினது கேட்டுது. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

ஆமாம் என்பதுபோல நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வாசலில் பைக் நின்றால் போலீஸ் என்று நினைத்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து அக்காவை அழைத்தாள். அன்று சாயங்காலமே அக்கா அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டாள். சகலை என்னோடு பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். காட்டிக்கொடுத்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்வதாகக் கேள்வி.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கால் வீக்கம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எதிரே உட்காரச் சொன்னார். எனக்கு அந்த மலர்ச்சியைத் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். சுடச் சொல்லித் தட்டுனது நான்தான். சுட்டவருக்குக் கண்ணு தெரியல, நான்தான் பாத்துச் சொன்னேன். நீங்க கொண்ட முடியறப்போ கொம்புன்னு நெனச்சுட்டேன். அப்புறந்தான் துப்பாக்கியத் தள்ளினேன்."

அவர் கை நின்றது. தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இத ஏன்ப்பா இப்ப வந்து சொல்ற?" என்றார். குரல் உயரவில்லை. "போன வாரந்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பிச்சுது. ஒருத்தன் கொல்லப் பாத்தான், ஒருத்தன் காப்பாத்துனான்னு மனசத் தேத்தி வெச்சிருந்தேன். இப்ப அதையும் எடுத்துட்டுப் போறியா?"

சொல்லாமல் அவர் வாழ்த்தை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அது அவருக்காகச் செய்ததல்ல.

அவர் எழுந்து, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்தபடி உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. திரும்ப வருவார் என்று சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. பிறகு அவர் யாரிடமோ போனில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.